முதுமையில் எலும்பு முறிவு

இளைஞன் ஒருவன் கீழே விழுந்து எலும்பு முறிந்தால், சில திங்களில் அது கூடிவிடும். அவனும் முன்போல் ஓடியாடுவான். முதியோர் நிலை அத்தகையதன்று. ஆண்டுகள் செல்லச் செல்ல எலும்பு தன் திண்மையை இழக்கிறது. வீட்டினுள் வழுக்கி விழுந்தாலும் இடுப்பருகே தொடையெலும்பு முறிந்துவிடுகிறது. பின்பு அசைவின்றிக் கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும்; படுக்கைப் புண் தோன்றும்; கால் நாளங்களில் குருதி உறையும். உயிருக்கு ஊறு விளைப்பவை பெரும்பாலும் இவையே.

ஆதலின் மருத்துவர் எலும்பை மட்டும் நோக்குவதில்லை. மனிதரை முழுமையாக நோக்குகின்றனர். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகர மருத்துவர்கள் இதற்கென ஓர் அளவுகோலை வகுத்து, 2008ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வயது, ஆண் பெண் என்னும் பால், குருதியிலுள்ள ஹீமோகுளோபின், நினைவாற்றல், வாழ்வது வீட்டிலா காப்பகத்திலா என்பது, உடனுள்ள பிற நோய்கள், புற்றுநோய் ஆகிய 7 செய்திகளுக்கும் மதிப்பெண் இடப்படும். கூட்டுத்தொகை 10ஐ நெருங்க நெருங்க, 30 நாட்களுக்குள் உயிரிழக்கும் இடர் மிகும்.

எண் மிகுந்தோரைக் கைவிடுதற்கன்று இம்மதிப்பீடு. அவர்களை மிகுந்த விழிப்புடன் காத்தற்கேயாம். எண் பலரது நிலையைக் கூறுமேயன்றி, ஒருவரது முடிவை அறுதியிட்டுக் கூறாது. அன்றோ மறுநாளோ அறுவை மருத்துவம் செய்து, விரைவில் எழுந்து நடக்கச் செய்தால், இடர் மிக்கோரும் பிழைத்தெழுதல் கூடும்.

விழாமற் காத்தல் அதனினும் நன்று. முதியோர் நடக்கும் இடத்தை ஈரமின்றியும் ஒளியுடனும் வைத்தல் இளையோர் கடமையாகும்.