போர்வை ஏன் சுருள்கிறது?

அன்புள்ள கயல்விழிக்கு,

நீ அனுப்பிய கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் இந்தப் பதிலை எழுத வைத்தது. “என் கை இறுக்கம், அதனால்தான் போர்வை சுருள்கிறது, அவிழ்த்துவிட்டு மறுபடி தளர்வாகப் பின்னப்போகிறேன்” என்கிறாய். அவிழ்க்காதே. துனிசியக் குரோஷா சுருண்டால் பின்னுகிறவளின் கையைக் குறை சொல்லும் பழக்கம் எப்படியோ ஊன்றிவிட்டது. யாரிடம் கேட்டாலும் “டென்ஷன் சரியில்லை” என்று ஒரே பதில். சொல்கிறவர்களுக்கு அது மிகவும் வசதியான பதில்; ஏன் என்று யோசிக்கும் வேலை மிச்சம். கேட்கிறவளோ நல்ல பின்னலை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். சுருள்வது கையின் குற்றம் அல்ல, பின்னலின் அமைப்பு. அமைப்பில் இருப்பதை அமைப்பை மாற்றித்தான் தீர்க்க முடியும். இரண்டு முனையிலும் கொக்கி உள்ள ஊசி அதற்குத்தான் இருக்கிறது.

ஒவ்வொரு வரியிலும் கண்ணிகளை ஊசியில் ஏற்றுவதும் பிறகு இறக்குவதும் உனக்குத் தெரியும், அதை விளக்கப்போவதில்லை. நீ கவனிக்காமல் விட்டது, இந்தப் பின்னலில் துணியைத் திருப்புவதே இல்லை என்பதை. சாதாரணக் குரோஷாவில் வரிக்கு வரி திருப்புகிறோம். ஒரு வரியின் முன்பக்கமும் அடுத்த வரியின் பின்பக்கமும் மாறி மாறி ஒரே முகத்தில் வந்து அமர்வதால் கணக்கு நேராகிவிடுகிறது. துனிசியத்தில் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரே முகம்தான் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த முகத்தில் நிற்பவை மெல்லிய நேர் இழைகள். இறக்கி வரும்போது உண்டாகும் சங்கிலி அவற்றுக்குப் பின்னால் தள்ளப்பட்டு, பின்முகத்தில் மேடு மேடாகச் சேர்கிறது. பின்னால் நூல் அதிகம், முன்னால் குறைவு. பின்பக்கம் விரியப் பார்க்கிறது, முன்பக்கம் விடுவதில்லை; துணி முன்பக்கமாக வளைந்து, கீழ் விளிம்பு உன்னை நோக்கி எழுகிறது. இஸ்திரிப் பெட்டிக்குள் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஈருலோகத் தகடு வளைவதும் இப்படித்தான். ஒட்டிக்கிடக்கும் இரண்டு பக்கமும் ஒரே அளவு நீள்வதில்லை. துனிசியத்தின் சாதாரணத் தையலைவிட அதன் நிட் தையல் இன்னும் மோசமாகச் சுருள்வதை நீ பார்த்திருப்பாய். அதில் ஊசியை நேர் இழைகள் இரண்டுக்கும் நடுவே குத்துவதால் சங்கிலி முழுவதும் பின்னுக்குப் போய்விடுகிறது. அதே கை, அதே நூல், அதே ஊசி. தையல் மாறியதும் சுருளின் அளவும் மாறுகிறது என்றால் குற்றவாளி யார்?

இன்னும் சந்தேகம் இருந்தால் வீட்டில் கிடக்கும் பழைய பனியன் ஒன்றை எடுத்து, கத்தரிக்கோலால் குறுக்கே ஒரு நாடா வெட்டி இழுத்துப் பார். இரண்டு விளிம்பும் சுருண்டு நாடா கயிறாகிவிடும். இன்று டி-ஷர்ட் யார்ன் என்று உருண்டை உருண்டையாக விற்பதெல்லாம் இந்தச் சுருளை நம்பித்தான். அந்தத் துணி திருப்பூரிலோ வேறெங்கோ ஒரு வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஓடியது. அதன் ஃபீடர் எல்லா ஊசிக்கும் ஒரே அளவில் நூல் கொடுக்கிறது. இயந்திரத்துக்குக் கை இறுக்கம் கிடையாது; பதற்றம் கிடையாது; தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே பின்னுவதும் கிடையாது. இருந்தும் சிங்கிள் ஜெர்சி எனப்படும் அந்தத் துணி சுருள்கிறது. அதுவும் கண்மண் தெரியாமல் அல்ல, சட்டத்துக்குக் கட்டுப்பட்டுச் சுருள்கிறது: குறுக்கே வெட்டிய விளிம்பு முன்முகத்தை நோக்கி, நெடுக்கே வெட்டிய விளிம்பு பின்முகத்தை நோக்கி. வளைந்து கிடக்கும் ஒவ்வொரு கண்ணியும் நிமிரப் பார்க்கிறது. எல்லாக் கண்ணியும் ஒரே பக்கமாக வளைந்திருப்பதால் எல்லாம் ஒரே பக்கமாக நிமிர்கின்றன. குழாயாக வரும் துணியைப் பிளந்து ஸ்டென்டர் என்ற, துணியை விரித்துப் பிடிக்கும் இயந்திரத்தில் ஓட்டும்போது விளிம்புக்குப் பசை தடவுவது இதை அடக்கத்தான். பசை காய்ந்த விளிம்பை வெட்டி எறிந்துவிடுவார்கள். தொழிற்சாலைக்கே பசை தேவைப்படுகிறது என்றால் உன் கை எம்மாத்திரம்?

அதே ஊரில் ஓடும் இன்டர்லாக் துணியைப் பார். நாடாவாக வெட்டினாலும் தட்டையாகவே கிடக்கும். சிங்கிள் ஜெர்சி இயந்திரத்தில் ஊசிகள் ஒரே வரிசை. இன்டர்லாக் இயந்திரத்தில் இரண்டு வரிசை, ஒன்றுக்கொன்று குறுக்காக நின்று இரண்டு பக்கமிருந்தும் கண்ணி இழுக்கின்றன. இரண்டு முகமும் ஒன்றுபோல் ஆகிவிடுவதால் எந்தப் பக்கம் வளைவது என்ற கேள்வியே துணிக்கு எழுவதில்லை. பனியனின் கழுத்துப் பட்டையை இதேபோல் இரண்டு ஊசி வரிசையில் பின்னும் ரிப் துணியில் வைப்பதற்கு, அது நன்றாக நீண்டு சுருங்கும் என்பதோடு இதுவும் ஒரு காரணம். இந்த இரட்டை ஊசி வரிசையின் வரலாற்றை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷையரில் வில்லியம் லீ 1589-ல் காலுறை பின்னும் சட்டத்தை உருவாக்கினார். அது ஒரு பக்கத் துணியைத்தான் பின்னியது. அந்தச் சட்டத்தோடு இன்னொரு ஊசி வரிசையைச் சேர்த்து ரிப் பின்னலாமென்று டெர்பியில் ஜெடிடையா ஸ்ட்ரட் காட்டி, 1759-ல் காப்புரிமை பெற்றார். நடுவில் நூற்றெழுபது ஆண்டுகள்! பின்னல் ஊசியைக் கையில் பிடித்த எவருக்கும் அதற்கு முன்பே தெரிந்திருந்ததை இயந்திரக்காரர்கள் அவ்வளவு தாமதமாகக் கற்றார்கள். வரி வரியாக நிட் மட்டும் போட்டுத் திருப்பித் திருப்பிப் பின்னினால் துணி படிந்து கிடக்கும். ஒரு வரி நிட், ஒரு வரி பர்ல் என்றால் சுருளும். ஸ்வெட்டர் பின்னும் எந்தப் பாட்டியிடமும் கேட்டுப் பார். அவர் டென்ஷனைப் பற்றிப் பேசமாட்டார்.

புத்தகங்கள் ஏன் இதை நமக்குப் புரியவைக்கவில்லை என்று நீ கேட்பாய். தெரேஸ் டி டில்மாண்ட் 1886-ல் வெளியிட்ட மகளிர் கைவேலைக் கலைக்களஞ்சியத்தில் துனிசியக் குரோஷாவுக்கும் இடம் உண்டு. (பெயரை நம்பித் துனிசியாவுக்குப் போய்விடாதே, அந்த நாட்டில் பிறந்ததற்கு ஆதாரம் ஏதும் இல்லை. விக்டோரியா காலத்து ஆங்கிலக் கைவேலைப் புத்தகங்களில் இதே பின்னலுக்கு ஓர் இளவரசியின் பெயரும் இருந்தது.) வாசித்து அலுக்காத புத்தகம் அது, படங்களில் நூலின் முறுக்குக்கூடத் தெரியும். ஆனால் செதுக்குப் படத்தில் எந்தப் பின்னலும் சுருள்வதில்லை. வரைந்தவர் தட்டையாக வரைந்தார், அது தட்டையாகவே நிற்கிறது. இன்றைய புகைப்படங்களும் அப்படித்தான். நாலு மூலையிலும் பின் குத்தி, ஓரத்தில் ஒரு காப்பிக் கோப்பையை வைத்து எடுக்கிறார்கள். கோப்பை அங்கே எதற்கு இருக்கிறது என்று இப்போது உனக்குத் தெரியும்.

வழக்கமான பரிகாரங்களைச் சொல்லி நீ மறுக்கலாம். பெரிய ஊசி எடுத்தால் குறைகிறதே என்பாய். குறையும். கண்ணி பெரிதானால் வளைவு தளர்கிறது, சுருட்டும் விசையும் தளர்கிறது. துனிசியத்துக்கு எப்போதும் நூலுக்குச் சொன்னதைவிட இரண்டு மூன்று அளவு பெரிய ஊசி வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் காரணம் அப்படியே இருக்க, விசையைத்தான் குறைத்திருக்கிறாய். அதை முழுவதும் அடக்கும் அளவுக்குப் பெரிய ஊசியை எடுத்தால் போர்வையின் ஓட்டை வழியாகக் கால் விரல் வெளியே வரும். நனைத்துப் பின் குத்திக் காயவைப்பது அடுத்தது. ஆட்டு ரோமத்தில் நன்றாகவே வேலை செய்யும். ஈரத்தில் இளகிய இழை காயும்போது புதிய வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறது, அடுத்த சலவைவரைக்கும். நம் கடைகளில் உல்லன் நூல் என்று கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். அது நீருக்கு மசியாது, சூட்டுக்குத்தான் மசியும். ஆவி கொஞ்சம் கூடிவிட்டால் இழை செத்து, பளபளத்து, துவண்டுபோகும், திரும்பி வராது. கனமான கரை பின்னிவிடலாம் என்பவர்கள் கரை முடியும் இடத்திலிருந்து உள்ளே துணி மடங்குவதைப் பார்த்திருக்க வேண்டும்.

நான் மதிக்கும் மறுப்பு ஒன்றுதான்: சாதாரணத் தையலையும் பர்லையும் மாற்றி மாற்றிப் போடுவது. பர்ல் தையலில் நூலை முன்னால் கொண்டுவருவதால் மேடு முன்முகத்துக்கு வருகிறது, இரண்டு பக்கமும் சமமாகிறது. இது அமைப்பையே மாற்றும் வழி, அதனால் பலிக்கிறது. என் வாதத்துக்கு இதுவே பெரிய சான்றும்கூட. கழுத்துத் துண்டுக்கு அதைத் தாராளமாகச் செய். ஆனால் ஓர் ஆள் போர்த்திப் படுக்கும் அகலத்துக்கு ஒவ்வொரு இரண்டாவது கண்ணிக்கும் நூலை முன்னும் பின்னும் கொண்டுபோய் வந்தால் மணிக்கட்டு உன்னைச் சும்மா விடாது.

ஆகவே, துணியைத் திருப்பு. ஒரு கொக்கி ஊசியில் இது முடியாது. திருப்பினால், இறக்கத் தொடங்க வேண்டிய கண்ணி கொக்கி இல்லாமல் குமிழ் இருக்கும் முனையில் மாட்டிக்கொள்ளும். இரண்டு முனையிலும் கொக்கி இருந்தால், திருப்பி, கண்ணிகளை மறுமுனைக்குத் தள்ளி, அங்கிருந்து இறக்கலாம். நூலும் இரண்டு உருண்டை வேண்டும். முதல் நிறத்தில் சங்கிலி போட்டு எல்லாக் கண்ணிகளையும் ஏற்று. திருப்பு, மறுமுனைக்குத் தள்ளு. இரண்டாம் நிறத்தை ஒரு முடிச்சுக் கண்ணியாக ஊசியில் போட்டு, முதல் கண்ணி வழியே இழு; பிறகு வழக்கம்போல் இரண்டிரண்டாக இறக்கு. ஒரே கண்ணி மிஞ்சியதும் திருப்பாமல் அதே இரண்டாம் நிறத்தால் மறுபடி ஏற்று. ஊசி நிறைந்ததும் திருப்பு. முதல் நிறத்து நூல் நீ இறக்கத் தொடங்க வேண்டிய இடத்திலேயே தொங்கிக்கொண்டு காத்திருக்கும். ஊசி நிறைந்தால் திருப்பு, காலியானால் திருப்பாதே; இது தவிர விதி கிடையாது. ஏற்றும்போது நேர் இழையிலிருந்து இழுக்கலாம், சங்கிலியின் மேல் இழையிலிருந்தும் இழுக்கலாம். போர்வைக்கு நான் பின்னதையே சொல்வேன். ஒரு முகத்தில் ஒரு நிறம் ஓங்கி நிற்கும், மறுமுகத்தில் மற்றது. எந்த முகம் நல்ல முகம் என்று யாரும் கேட்க முடியாது.

இது உண்மையான துனிசியமா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். ஏற்றமும் இறக்கமும் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? இன்னொரு ஆட்சேபத்துக்குப் பொறுமையாகவே பதில் சொல்கிறேன்: இப்படிப் பின்னிய துணி தளர்ந்து நெகிழ்கிறதே, நெருக்கமான துனிசியத்தின் கதகதப்பு போய்விடாதா? கதகதப்பு நூலில் இல்லை, நூலுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றில் இருக்கிறது. காற்று வீசும் வெளியில் போட்டுக்கொள்ளும் மேல்கோட்டுக்கு நெருக்கம் வேண்டும், அந்தக் காற்றைக் கலைய விடாமல் காக்க. கதவைச் சாத்திய அறையில் அது வேண்டாம். தடித்து, லேசாக, உடம்போடு படிந்து விழும் துணிதான் வேண்டும். நெருக்கமான துனிசியப் போர்வை கனக்கும், விறைக்கும், தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே கூடாரம் போட்டு நிற்கும். அந்த இடைவெளியில்தான் குளிர் நுழைகிறது. கைப்பைக்கும் மேசை விரிப்புக்கும் அதை வைத்துக்கொள்.

செய்யத் தொடங்குமுன் சில குறிப்புகள். உன் நூலுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஊசி என்று லேபிளில் இருந்தால் ஏழு எடு. சங்கிலியை வேண்டுமென்றே தளர்த்திப் போடு. அடிவிளிம்பு இறுகினால் எந்த அமைப்பும் அதைக் காப்பாற்றாது. இதில் மட்டும் கை இறுக்கத்தைக் குறை சொல்லலாம். போர்வை ஊசியைவிட அகலமாக இருக்குமே என்று பயப்படாதே. ஊசி நிறையும்வரை ஏற்று, திருப்பி, நாலைந்து கண்ணி மிஞ்சும்வரை மற்ற நிறத்தால் இறக்கு, மறுபடி திருப்பி விட்ட இடத்திலிருந்து ஏற்று. ஒரு முறை வலப்பக்கமாகத் திருப்பினால் அடுத்த முறை இடப்பக்கமாகத் திருப்பு, இல்லாவிட்டால் இரண்டு உருண்டையும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். ஒரே மாதிரியான இரண்டு நிறம் வேண்டாம். அடர்த்தியும் வெளிறலுமாக எடுத்தால் எந்த வரியில் இருக்கிறாய் என்பது கண்ணுக்கே தெரியும்.

இப்போது கையில் இருக்கும் சுருண்ட துண்டை அவிழ்க்காமல் வைத்துக்கொள். இரட்டைக் கொக்கி ஊசி வாங்கி, அதே நூலில் இருபது கண்ணி அகலத்துக்கு ஒரு மாதிரி பின்னு, கையைத் தளர்த்தாமல், வழக்கமாக எப்படிப் பின்னுவாயோ அப்படியே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. பின் குத்தாதே, காப்பிக் கோப்பையும் வேண்டாம்.

அன்புடன்,
உன் ஆசிரியை