நாணயம் தேடும் கருவியும் நாணயமும்

'நாணயம்' என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. ஒன்று, அரசு முத்திரை பொறித்த காசு. மற்றொன்று, கொடுக்கல் வாங்கலில் காக்கப்படும் நேர்மை. மண்ணுள் மறைந்த பழங்காசுகளைத் தேடுவோர்க்கு இவ்விரு பொருளும் உரியன என்பதைத் திருவண்ணாமலைப் பகுதிச் சான்றுகள் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

கருவியின் இயல்பு

மெட்டல் டிடெக்டர் என வழங்கும் கருவியில் கம்பிச் சுருள் ஒன்று உண்டு. அதில் மாறுமின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் எழுந்து மண்ணுள் ஊடுருவும். அங்கு உலோகம் இருப்பின், அதில் சுழல்மின்னோட்டம் தோன்றி எதிர்ப்புலத்தை உண்டாக்கும். அதனைக் கருவி ஒலியாக மாற்றித் தரும். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் தங்கிய துப்பாக்கிக் குண்டைக் கண்டறிய, அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இல் இவ்வகைக் கருவியைக் கொண்டு முயன்றார். ஆயினும் அம்முயற்சி பயன் தரவில்லை. பின்னர்க் கண்ணிவெடி தேடவும், மேலைநாடுகளில் பொழுதுபோக்காகக் காசு தேடவும் இது பயன்பட்டது.

தனிக்காசு ஒன்றைச் சாதாரணக் கருவி ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்திலேயே உணரும். சோடாமூடிக்கும் ஆணிக்கும்கூட அது ஒலிக்கும். உலோகம் உண்டென்று அது சொல்லுமேயன்றி, எவர் காலத்தது, எவ்வாறு அங்கு வந்தது என்று சொல்லாது.

நம் மாவட்டத்துச் சான்றுகள்

செங்கம் வட்டத்து ஆண்டிப்பட்டியில் ஈயக் காசுகளின் தொகுதியொன்று கிடைத்தது. அவற்றில் சேந்தன் என்னும் பெயர் தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. செங்கம், மலைபடுகடாம் போற்றும் நன்னனின் செங்கண்மா ஆகும். சங்ககாலத்தில் இப்பகுதியில் காசு வழங்கிய குறுநிலத் தலைவர் இருந்தனர் என்பதற்கு இக்காசுகள் சான்றாகின்றன. பொன் ஒன்றையே தேடுபவன் இந்த ஈயத்துண்டுகளைக் குப்பையென எறிந்திருப்பான் அல்லது உருக்கியிருப்பான். அவ்வாறு நேர்ந்திருப்பின், அப்பெயர் நம்மை எட்டியிராது.

2025 நவம்பரில் சவ்வாது மலைக் கோவிலூர்ச் சிவன் கோயில் திருப்பணியின்போது, மண்பானையில் நூற்றுக்கும் மேற்பட்ட பொற்காசுகள் வெளிப்பட்டன. மூன்றாம் வல்லாளன் தலைநகராகக் கொண்டதும், பின்னர் விசயநகரப் பேரரசும் ஆர்க்காட்டு நவாபும் ஆண்டதுமான மண் இது. எனவே பல கால நாணயங்கள் ஒருங்கே கிடைப்பது இங்கு வியப்பன்று.

இடம் ஏன் இன்றியமையாதது?

காசின் காலத்தை அதன் முகம் மட்டும் கூறுவதில்லை. அது கிடந்த மண்ணடுக்கு, இருந்த பானை, உடன்கிடந்த பிற காசுகள் யாவும் சேர்ந்தே கூறும். கரூர் அமராவதி ஆற்றுப்படுகைக் காசுகள் மாக்கோதை, கொல்லிப்புறை முதலிய பெயர்களைத் தந்தன. எனினும் ஆற்று மணலில் கிடைத்து வணிகர் கைமாறி வந்த காசுக்கு மண்ணடுக்குச் சான்று இல்லை. எழுத்தமைதி கொண்டே காலம் கணிக்க வேண்டியுள்ளது.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியை இங்கிலாந்தில் காண்கிறோம். 1992இல் ஹாக்ஸ்னி என்னும் ஊரில் எரிக் லாஸ் என்பவர் நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடிக் கருவியுடன் சென்றார். உரோமானியக் காசுகள் தென்பட்டதும் தோண்டுவதை நிறுத்தி அதிகாரிகளுக்கு அறிவித்தார். தொல்லியலார் வந்து முறையாக அகழ்ந்ததால், ஏறத்தாழ 15,000 காசுகளோடு, அவற்றை வைத்திருந்த மரப்பெட்டியின் அமைப்பும் அறியப்பட்டது. காசு கண்டதினும் கைநிறுத்தியதே அவர் செய்த பெருந்தொண்டு எனலாம்.

சட்டம் கூறுவது

1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையல் கண்டவர் அதன் இயல்பு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வழி அறிவித்தல் வேண்டும். மறைப்பவர் தம் பங்கை இழப்பதோடு, ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ அடையலாம். அறிவித்தவர்க்குப் பங்கு பெறும் வழியும் சட்டத்தில் உண்டு. நூறாண்டுக்குக் குறையாத காசு தொல்பொருள் ஆதலின், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் அதனை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தல் ஆகாது. இசுலாமியச் சட்டமும் 'ரிகாஸ்' எனப்படும் புதையலில் ஐந்தில் ஒரு பங்கைப் பொதுவுக்கு உரித்தாக்குகிறது. புதையல் கண்டவன் ஒருவனுக்கே முழுதும் உரியதன்று என்னும் கருத்து இரண்டிலும் விளங்குகிறது.

மாணவர் கடமை

நம் மாணவர் பலர் உழவர் குடியினர். ஏர்முனையில், கிணற்றுத் தூரில், கடைக்கால் பள்ளத்தில் காசு தென்பட்டால் மேலும் தோண்டுதல் வேண்டா. புளியிட்டுத் துலக்குதலும் வேண்டா, எழுத்துத் தேய்ந்துவிடும். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலர் வழியாகவேனும் ஆட்சியருக்கு அறிவியுங்கள். வீட்டிலுள்ள பெரியோர்க்கும் இதனை எடுத்துரையுங்கள். ஆண்டிப்பட்டி போல் இன்னும் எத்தனை ஊர்களின் மண்ணில் பெயரறியாத் தலைவர் உறங்குகின்றனரோ! அவர்தம் பெயர் உருக்குச் சட்டியில் அழியாமல் வரலாற்றில் ஏறுவது, முதலில் காண்பவரின் நாணயத்தையே பொறுத்துள்ளது.