நல்ல தீனும் நல்ல விதையும்: வெண் குளோவர் தரும் பாடம்

வட அமெரிக்காவில் மாட்டுத்தீனுக்காகப் பயிரிடப்படும் செடிகளுள் வெண் இனிப்புக் குளோவரும் ஒன்று. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி வேர்முடிச்சுகள் மூலம் மண்ணுக்கு நைதரசனைச் சேர்க்கிறது. முதலாம் ஆண்டில் ஆழ வேரூன்றி, இரண்டாம் ஆண்டில் பூத்து, விதை தந்து மடிகிறது. ஒரே ஆண்டில் விதை தரும் ஹூபாம் என்ற வர்க்கமும் உண்டு.

இச்செடியின் வாசனைக்கும் கசப்புக்கும் காரணம் குமாரின் என்னும் பொருளாகும். 1920களில் கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவின் வடபகுதியிலும் கொம்பு வெட்டிய மாடுகளும் நலமடித்த கன்றுகளும் இரத்தம் உறையாமல் இறந்தன. முன்னர் கொரியாவில் மிஷனரியாகப் பணியாற்றிய கால்நடை வைத்தியர் பிராங்க் ஸ்கோபீல்ட், பூஞ்சணம் பிடித்த குளோவர்த் தீனே காரணமென எடுத்துக்காட்டினார். பூஞ்சணம் குமாரினை டைகூமரோல் என்ற நஞ்சாக மாற்றுகிறது. 1939இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் குழுவினர் அதனைப் பிரித்தெடுத்தனர். எலிநஞ்சாகவும் இரத்தம் கட்டியாவதைத் தடுக்கும் மருந்தாகவும் நாம் அறிந்த வாபரின் இந்த ஆய்வின் வழியே வந்ததாகும்.

பின்னர், குமாரின் குறைந்த வேறொரு குளோவர் இனத்துடன் வெண் குளோவரைக் கலந்தனர். கலப்பு நாற்றுக்கள் பச்சையமின்றி வெளிறின. அவற்றைச் சாதாரண குளோவர்ச் செடியில் ஒட்டிக் காப்பாற்றினர். இம்முயற்சியின் பயனாகவே டென்ரா, பொலாரா போன்ற கசப்புக் குறைந்த வர்க்கங்கள் கிடைத்தன.

ஆனால் தேனீக்கள் அயல் வயலின் மகரந்தத்தைக் கொண்டுவந்தால் விதையின் குணம் கெட்டுவிடும். மேலும், தோல் தடித்த பழைய விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் கிடந்து முளைக்கும். எனவே விதைப்பயிர் மற்றக் குளோவர் வயல்களுக்குத் தூரத்தில், முன்பு குளோவர் விளையாத நிலத்தில் இருக்க வேண்டும்.

நமது வேலிகளில் நிற்கும் சீமைக்கிளுவையிலும் குமாரின் உண்டு. அதன் இலையை அன்றன்று வெட்டி, வாடவிட்டுப் போடலாம். ஈரத்தோடு குவித்துப் பூஞ்சணம் பிடித்ததைப் போடக்கூடாது. சிறிது தீனை மிச்சம்பிடிக்கப்போய், ஓர் ஏழைக் குடும்பம் தன் ஒரே பசுவை இழந்துவிடக்கூடாது.

கலந்துரையாடுவோம்:

1. மழைக்காலத்தில் நமது ஊரில் தீனை எங்கே, எவ்வாறு சேமிக்கிறோம்?
2. பூஞ்சணம் பிடித்த வைக்கோலை என்ன செய்கிறோம்? கூட்டெருவாக்கலாமா?
3. நாம் சேர்த்துவைக்கும் விதை கலப்படமாகாதிருக்க அயலவர் கூடி என்ன செய்யலாம்?