கொழுந்து மாடியும் லயக் காம்பிராவும்

கேள்வி: கம்பெனித் தலைமையகங்கள் கொழும்பில் கண்ணாடியும் ஏசியுமாக எழும்புகின்றன. நம் பதுளைப் பக்கம் பெயர் சொல்லும்படி வேலைத்தளக் கட்டடம் உண்டா?
– வாசகர், அப்புத்தளை

பதில்: உண்டு. 1890இல் தாமஸ் லிப்டன் கட்டிய தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலையைப் பாருங்கள். மேல்மாடி நெடுக வரிசையாக ஜன்னல்கள், கொழுந்து வாட்டுவதற்காக. நீளத் தொட்டிகளில் பரப்பிய கொழுந்து அடிக்காற்றில் மணிக்கணக்கில் வாடி, கீழ்த்தளத்து உருளைகளுக்கு இறங்கும். வேலையின் போக்கை அப்படியே பின்பற்றிய அருமையான கட்டடம்.

ஆனால் கொழுந்துக்குக் கிடைத்த காற்று அதைப் பறித்தவருக்குக் கிடைக்கவில்லை. அவர் குடும்பத்துக்குப் பத்துக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராதான், வரிசை வீட்டின் ஓர் அறை. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் போன பிறகும் பல லயங்கள் அப்படியே நிற்கின்றன. கொழும்பில் இன்னொரு மாடி எழுப்புமுன், பெண்கள் நாள் முழுக்க நிற்கும் மலையில் ஒரு கழிப்பறை கட்டட்டும்.