தரங்கம்பாடி ஆலயமும் சுண்ணாம்பும்

பொம்மனஹள்ளியில் நான் குடியிருக்கும் பழைய செங்கல் வீட்டின் சுவரில் ஓதம் ஏறியது. வீட்டுக்காரர் சிமெண்டு பூசினார். ஆறே மாதத்தில் பூச்சு உப்பி உதிர்ந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்துத் தரங்கம்பாடி நினைவுக்கு வந்தது.

சீகன்பால்கு அக்கடற்கரையில் 1707இல் கட்டிய எருசலேம் ஆலயம் கடலுக்கு இரையாயிற்று. 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமோ 2004 சுனாமிக்கும் ஆளாகி, பின்னர்ச் செப்பனிடப்பெற்று நிற்கிறது. ஆயினும் நண்பர்களே, அத்தகைய சுவர்களுக்கு அலையினும் கொடிய பகை உப்பு. ஈரத்தில் கரைந்து செங்கல்லுக்குள் புகும். ஈரம் உலர்ந்ததும் படிகமாக வளர்ந்து அதைப் பிளக்கும். சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் உடையது. ஈரத்தை வெளியே விடும். உப்பு பூச்சிலேயே பூக்கும், பூச்சு உதிர்ந்தால் மீண்டும் பூசலாம், சுவர் பிழைக்கும். சிமெண்டோ ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். பழஞ்சுவரைச் சிமெண்டால் ‘புதுப்பிப்பது’ கேடென்பது இதனால்தான்.

சுண்ணாம்பு இறுகும் விதம் வேடிக்கையானது. கிளிஞ்சலைச் சுமார் 900 பாகை வெப்பத்தில் சுட்டால் கரியமிலவாயு நீங்கும். நீற்றி, மணல் கலந்து பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவை ஏற்று மறுபடி கல்லாகும். ஆனால் மிக மெல்ல. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர்விட்டு அரைத்த நம் கொத்தனார்களுக்கு அந்தப் பொறுமை இருந்தது.

வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். நேற்று மறுபடி சிமெண்டு மூட்டை வந்து இறங்கியிருக்கிறது.