பேய்க்கதை கேட்கும் பிள்ளை

கேள்வி: என் ஏழு வயது மகன் தினமும் பேய்க்கதைதான் வேண்டும் என்கிறான். சொல்லலாமா?
– ஒரு வாசகி, மறைமலை நகர்

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள் அம்மா. 1947 ஜூலையில் சென்னையில் பிறந்த அம்புலிமாமா சிறுவர் இதழை நினைத்துப் பாருங்கள். நடுநிசிச் சுடுகாடு, மரத்தில் தொங்கும் பிணம், அதற்குள் வேதாளம், அதைத் தோளில் சுமந்து நடக்கும் விக்கிரமாதித்தன். ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்தே தலைமுறைகள் வளர்ந்தன. வேதாளம் கதை சொல்லிக் கேட்கும் கேள்விக்கு விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். வாய் திறந்தாலோ வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். எவ்வளவு பயங்கரமான நிபந்தனை! பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பதும் அங்கேதான். அவ்வளவு பெரிய ராஜாவே மாட்டிக்கொண்டு விழிக்கிறாரே! காஷ்மீரத்துச் சோமதேவர் 11-ஆம் நூற்றாண்டில் எழுதிய கதாசரித்சாகரத்திலேயே இக்கதைகள் உண்டு. ஆயிரம் ஆண்டுகளாகத் தாக்குப்பிடித்த பயம் இது.

மடியில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். பையன் முகம் வாடினால் பேயைத் தும்மவிடுங்கள், வழுக்கி விழச் செய்யுங்கள். அடுத்து என்ன ஆகும் என்று அவனையே கேளுங்கள். பேய்க்கு என்ன கதி என்று அவனே முடிவுசெய்யட்டும். ஆனால் சோறு உண்ணாவிட்டால் பூச்சாண்டி பிடித்துக்கொள்வான் என்று மட்டும் மிரட்டாதீர்கள். அது கதை இல்லை, வெறும் தண்டனை.