வயதும் பெண்களின் உடல் எடையும்

நாட்டின் ஊட்டச்சத்துத் திட்டங்கள் நெடுங்காலமாக உடல் மெலிவு என்னும் ஒரே குறையை எதிர்த்து வந்தன. இன்று மற்றொரு குறையும் அதனுடன் சேர்ந்துள்ளது. 2015–16-ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 22.9 விழுக்காட்டினர் மெலிந்தவர்கள், 20.6 விழுக்காட்டினர் மிகை எடையினர். 2019–21 ஆய்வில் முன்னது 18.7 ஆகக் குறைந்தது; பின்னது 24 ஆக உயர்ந்தது. மெலிவு இளம் பெண்களிடமும், மிகை எடை நாற்பதைக் கடந்தவர்களிடமும் மிகுந்து காணப்படுகிறது.

அளவுகோல்

எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறைக் குறியீட்டெண் கிடைக்கும். இது 18.5-க்குக் குறைந்தால் மெலிவு. 25-ஐ எட்டினால் மிகை எடை. ஆசிய மக்களுக்கு நீரிழிவு நோய் குறைந்த எடையிலேயே தோன்றுவதால், 23-லிருந்தே எச்சரிக்கை தேவை. இதன்படி, 150 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு உகந்த எடை ஏறத்தாழ 42 முதல் 51 கிலோ வரை ஆகும்.

பருவந்தோறும் மாறும் இடர்

வயது வந்த பெண்ணுக்கு இவ்வெல்லை இருபதிலும் ஐம்பதிலும் ஒன்றே. மாறுவது உடலின் அமைப்பு. வளரிளம் பெண்களுக்கு இவ்வெல்லை பொருந்தாது. அவர்களை வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணையைக் கொண்டே அளத்தல் வேண்டும். மெலிந்த நிலையில் கருவுறும் பெண், எடை குறைந்த குழந்தையைப் பெறும் வாய்ப்பு மிகுதி. பேறுகாலத்தில் கூடிய எடை முழுவதும் குறையாமல் அடுத்தடுத்த பேறுகளில் சேர்ந்துகொள்வதும் உண்டு.

முப்பதுக்குப் பின் தசை சிறிது சிறிதாகக் குறைகிறது. மாதவிடாய் நின்றபின் கொழுப்பு வயிற்றுப் பகுதியில் சேர்கிறது. எனவே எடை மாறாதிருப்பினும் இடர் கூடலாம். இப்பருவத்தில் எடையோடு இடுப்புச் சுற்றளவையும் அளத்தல் இன்றியமையாதது. பெண்களுக்கு அது 80 செ.மீ.-ஐத் தாண்டலாகாது.

முதுமையில் நிலைமை மீண்டும் மாறுகிறது. காரணமின்றி எடை குறைவது நோயின் அறிகுறியாகலாம். தசையும் எலும்பும் நலிந்தவர் விழுந்தால் எலும்பு முறிவு எளிதில் நேரும். அப்போது எடையைக் குறைப்பதைவிட வலிமையைக் காப்பதே முதன்மையானது.

செய்ய வேண்டுவது

1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் எடை பார்க்கும் வழக்கத்தைச் சிற்றூர்களுக்கும் கொண்டு சென்றது. ஆயினும் அங்கன்வாடித் தராசு பெரும்பாலும் குழந்தைக்கும் கருவுற்ற தாய்க்குமே உரியதாயிற்று. முப்பது வயதைக் கடந்தோருக்காக ஆஷா பணியாளர் நிரப்பும் படிவத்தில் இடுப்புச் சுற்றளவும் கேட்கப்படுகிறது. அதனை முறையாக அளந்து பதிவு செய்வதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஓர் அளவு நாடா போதும்.

உணவிலும் மாற்றம் தேவை. அரிசி, கோதுமையின் அளவைச் சற்றுக் குறைத்து, பருப்பு, கீரை, பால், முட்டை ஆகியவற்றைக் கூட்டுவது எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது. குடும்பத்தினர் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கம் நீங்கினாலன்றி இவ்வறிவுரை பயன் தராது. தாய்மைக் காலத்தோடு நின்றுவிடாமல், பெண்ணின் வாழ்நாள் முழுவதற்கும் ஊட்டச்சத்துப் பணி தொடர வேண்டும்.